மண், பனை, சீமெந்து: வன்னி வீடுகள் எதனால் நிற்கின்றன, எதனால் விழுகின்றன

இலங்கைக் குடிசன மதிப்பீடு வீடுகளை நிரந்தரம், அரை நிரந்தரம், தற்காலிகம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சுவரும் கூரையும் நிலமும் எந்தப் பொருளால் ஆனவை என்பதுதான் அளவுகோல். சீமெந்துக்கல்லும் ஓடும் இருந்தால் மேல் வரிசை, மண்சுவரும் ஓலையும் என்றால் கீழ் வரிசை. ஊர்வழக்கிலும் இதே கணக்குத்தான். 'கல்வீடு' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும். சீதனப் பேச்சிலும் அந்தச் சொல்லுக்கு ஒரு எடை உண்டு.

ஆனால் வன்னியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில், கட்டட வேலை பார்ப்பவர்கள் இந்த வரிசைக்குப் பொருந்தாத இரண்டு காட்சிகளை அடிக்கடி காண்கிறார்கள். ஆண்டுதோறும் மெழுகி, கூரை மாற்றிப் பேணிய மண்வீடு இரண்டு தலைமுறை கண்டு நிற்கிறது. போர் முடிந்து மக்கள் மீள்குடியேறியபின் கட்டிய கல்வீட்டில் பத்து ஆண்டுக்குள் யன்னல் மூலையிலிருந்து வெடிப்பு ஓடுகிறது, அடிச்சுவரில் பூச்சு உதிர்கிறது. பொருளை மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது. மழைத்தண்ணீர் சுவருக்கு எந்த வழியால் வருகிறது, வந்தபின் எப்படி வெளியேறுகிறது, பழுதானால் யாரால் என்ன கொண்டு திருத்த முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வன்னிக் கட்டடங்களின் வரலாற்றை அந்தக் கண்ணால் பார்த்தால் பல விடயங்கள் இடத்தில் வந்து அமரும்.

காலடியில் இருப்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே தோண்டினாலும் சுண்ணக்கல். வன்னி அப்படி ஒரே சீரானதல்ல. மன்னார்க் கரையோரமும் பூநகரிப் பக்கமும் அந்தச் சுண்ணக்கல் படுகையின் தொடர்ச்சி. உள்ளே வவுனியா, ஒட்டுசுட்டான் நோக்கிப் போகப் போகப் பழைய கடினப் பாறை வந்துவிடுகிறது. இலங்கையின் பாறைகளை வகுத்த புவியியலாளர்கள் ஒரு பிரிவுக்கே வன்னித் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அத்திவாரக் கருங்கல்லும் சல்லியும் அங்கிருந்துதான் வருகின்றன. மேட்டு நிலங்களில் பெரும்பாலும் செங்கபில மண். காய்ந்தால் அலவாங்கு துள்ளும், நனைந்தால் காலில் ஒட்டும். குளங்களின் கீழ் வயல் நிலங்களில் சாம்பல் நிறக் களி. மன்னார் மாவட்டத்து முருங்கனில் கறுப்புக் களி, கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

இந்த மண்களில் சுவருக்கு உதவுவது எது என்பதைப் பழைய சுவர்காரர் கையால் சோதித்து அறிந்தார்கள். ஈரமண்ணைப் பென்சில் தடிப்பில் உருட்டி மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளினால், இரண்டு மூன்று அங்குலம் நீளும் முன்பே உடைகிற மண் மணல் மிகுந்தது, ஆறு அங்குலம் தாண்டியும் தொங்குகிற மண் களி மிகுந்தது. இன்னும் தெளிவாக அறிய ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அரைமணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை மிதந்து மெல்லப் படிவது களி. மூன்று படைகளின் உயரத்தை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். சுவர் வைக்கக் களி 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் ஒட்டாது, மேலே போனால் காயும்போது வெடிக்கும். களி கூடிய மண்ணை ஒதுக்க வேண்டியதில்லை, ஆற்று மணலைக் கலந்தாலே சரியாகும்.

மண்சுவர்: எங்கே அரிக்கிறது, எப்படித் திருத்துவது

வன்னியின் மண்சுவர்கள் இரண்டு வகை. ஒன்று, கப்புகளை (மரத்தூண்களை) நட்டு, அவற்றில் வரிச்சுத் தடிகளைக் குறுக்கே கட்டி, இரண்டு பக்கமும் மண் அப்புவது. மற்றது, தடி எதுவும் இல்லாமல் குழைத்த மண்ணைப் படைபடையாக வைத்து எழுப்புவது. பின்னதற்கு மண்ணை முதல்நாள் நனைத்து, மிதித்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். வைக்கோல் சுவருக்குப் பலம் கூட்டுவதற்காக மட்டும் போடுவதல்ல. மண் காயும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைப் பெரிய வெடிப்பு ஒன்றாகத் திரள விடாமல் மயிரிழைக் கீறல்களாகப் பகிர்ந்துவிடுவது வைக்கோல். ஒரு படை ஒன்று முதல் ஒன்றரை அடி உயரம். அது இறுகும் வரை இரண்டு மூன்று நாள் பொறுத்து அடுத்த படை. அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்றடி ஏற்றினால் கீழ்ப்படை வயிறு தள்ளும். தள்ளிய சுவரைச் செதுக்கி நேராக்கலாம், ஆனால் பாரம் அந்த இடத்தில் எப்போதும் சரிந்தே இறங்கும்.

ஆனி, ஆடியில் சுவர் வைத்து, ஆவணிக்குள் கூரை போட்டு முடிப்பது வழக்கம். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். உரோமக் கட்டடக்கலை நூலாசிரியர் விற்றூவியஸ் பச்சைக்கல்லை, அதாவது சுடாத மண்கல்லை, இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ அரிய (அச்சில் வார்க்க) வேண்டும், இரண்டு ஆண்டு காயவிட்டே பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார். ஆபிரிக்காவின் உற்றிக்கா நகரில் ஐந்து ஆண்டு காய்ந்தது என்று அதிகாரி ஒப்பிய கல்லைத்தான் சுவருக்கு எடுத்தார்களாம். சோளகம் அடிக்கும் வன்னியில் அத்தனை காலம் தேவையில்லை. ஆனாலும் வெளித்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் கல்லைக் கட்டுவதால் வரும் சேதம் அன்றும் இன்றும் ஒன்றுதான்: கட்டிய பிறகு கல் சுருங்குகிறது, மேலே பூசிய பூச்சு சுருங்காமல் தனியே நிற்கிறது.

மண்சுவரை மேலிருந்து கொட்டும் மழை கெடுப்பதைவிடத் தரையில் விழுந்து தெறிக்கும் மழை கெடுப்பது அதிகம். தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் ஒன்றிரண்டு அடி உயரத்துக்குத் தெறிக்கும். அந்தப் பட்டைதான் முதலில் அரிபடும். அரிபட்டு ஒடுங்கிய அடியின்மேல் முழுச் சுவரும் நிற்கும், கார்த்திகை மழையில் ஒரு நாள் இடிந்து உட்கார்ந்துவிடும். இதற்கு மூன்று காப்புகள் உண்டு. வீட்டு நிலத்தை முற்றத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் உயர்த்துவது, தாழ்வாரத்தைச் சுவருக்கு வெளியே இரண்டரை, மூன்று அடி நீட்டுவது, சுவரடியில் வெளிப்புறமாகக் குந்து (தாழ்ந்த மண் திண்ணை) வைப்பது. குந்து உட்காரும் இடமாகப் பார்க்கப்படுகிறது. தெறிக்கும் தண்ணீரைத் தன்மேல் வாங்கிச் சுவரைக் காப்பதுதான் அதன் முதல் வேலை. குந்து தேய்ந்தால் இரண்டு வாளி மண்ணில் திருத்திவிடலாம், சுவர் தேய்ந்தால் அப்படித் திருத்த முடியாது.

மெழுகுதலும் இப்படித்தான். புற்றுமண்ணில் கறையான் ஏற்றிய நுண்களி இருப்பதால் நன்றாக ஒட்டும். அதனோடு மணலும் சாணகமும் சேர்த்து மெல்லிய பூச்சாக இழுக்கிறார்கள். சாணகத்திலுள்ள நார் கீறலைக் குறைக்கிறது. இந்தப் பூச்சு மழைக்குக் கரையும், கரையத்தான் வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் கால் அங்குலம் போவது பூச்சிலிருந்தே போகிறது, சுவர் அப்படியே இருக்கிறது. தைக்கு முன் வீடு மெழுகும் வழக்கத்துக்குப் பண்டிகைக் காரணம் ஒன்று, மாரி முடிந்து பூச்சுப் புதுப்பிக்கும் காரணம் ஒன்று.

பின்னல், வேலி, கூரை

செருமன் கட்டடக்கலைஞர் கொட்பிரீட் செம்பர் 1851 இல் கட்டடக்கலைக்கு நான்கு மூலக்கூறுகளைச் சொன்னார்: அடுப்பு, மேடு, கூரை, அடைப்பு. இவற்றில் அடைப்பு பற்றிய அவர் கருத்துத்தான் அன்றைய ஐரோப்பாவுக்குப் புதியது. சுவரின் முதல் வடிவம் கல்லாலானதல்ல, பின்னிய பாயும் தட்டியும்தான் அதன் மூலம் என்றார். அதே ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த கரிபியன் குடில் ஒன்றைத் தன் கருத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். வன்னியில் இதைக் கண்காட்சியில் போய்ப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. நிலத்தை உயர்த்திய மேடு, நடுவே அல்லது ஒதுக்கில் அடுப்பு, கப்பில் நிற்கும் கூரை, கிடுகாலோ (பின்னிய தென்னோலை) மட்டையாலோ அடைத்த பக்கங்கள். நான்கும் தனித்தனியாக நிற்கும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கூரையின் பாரம் கப்பில் இறங்குவதால் பக்க அடைப்பைக் கழற்றி எறிந்தாலும் வீடு நிற்கும். இந்தப் பிரிவுதான் வரிச்சுச் சுவர் வீட்டை எளிதில் திருத்தக்கூடியதாக வைத்திருந்தது.

கப்புக்கும் வளைக்கும் (கூரை உத்தரம்) காட்டுமரம். நிலத்துக்குள் போகும் கப்புக்குப் பாலையும் வீரையும் விரும்பப்பட்டன, கதவு நிலைக்கு முதிரை, பலகைக்கு யாவறணை. கப்பு அழுகுவது மண்ணுக்குள் ஆழத்தில் அல்ல. மண்மட்டத்துக்கு மேலும் கீழும் ஒரு சாண் அளவில், காற்றும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்திலேயே அழுகும். நட முன் அடியைத் தீயில் கருக்குவதும், இப்போது கழிவு எண்ணெய் பூசுவதும் அந்தச் சாண் இடத்துக்காக. கருக்கு மண்மட்டத்துக்கு மேலும் ஓரடி வராவிட்டால் பயனில்லை.

கூரைச் சட்டத்துக்குப் பனை. பனையின் வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளி வளையத்தில் இருக்கிறது, நடுவில் மென்மையான சோற்றி மட்டும்தான். மற்ற மரங்களில் நடுவே வைரம் இருக்கும், பனையில் தலைகீழ். அதனால் பனங்குற்றியைப் பிளந்து, நடுச் சோற்றியைச் செதுக்கி நீக்கியே சிலாகை எடுக்க வேண்டும். சோற்றி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கறையானும் வண்டும் அங்கிருந்தே தொடங்கும். இளம்பனையில் வைர வளையம் மெல்லியது. நல்ல சிலாகை தரும் பனைக்கு ஒரு மனித ஆயுள் அளவு வயது வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டிய பனைகளை ஈடுசெய்ய இன்று நடும் விதைகளால் அடுத்த தலைமுறைக்குத்தான் முடியும். வளை என்றால் இரும்புக் குழாய் என்றாகிவிட்டதற்கு விலை மட்டும் காரணமல்ல.

ஓலைக் கூரையில் சரிவுதான் ஆயுள். 45 பாகைக்கு அண்மையில் சரிவு இருந்தால் தண்ணீர் ஓலையின் மேற்படையிலேயே ஓடிவிடும். 30 பாகைக்கு இறக்கினால் உட்படைகளுக்குள் ஊறும், ஊறிய இடம் வெயிலில் காய நேரம் கிடைக்காமல் மக்கும். கிடுகு பின்ன முன் தென்னோலையைத் தண்ணீரில் ஊறப்போடுவது வளைவுக்காக மட்டுமல்ல, பூச்சி தின்னும் சாறு கழுவப்படவும்தான். கிடுகு ஒன்று, இரண்டு ஆண்டு தாங்கும், பனையோலை அதைவிடக் கூட. அடுப்புப் புகை படும் குசினிக் கூரை மற்றக் கூரையைவிட நீண்டகாலம் நிற்பதைக் கவனித்தால், புகையும் ஒரு காப்புப் பொருள் என்பது தெரியும்.

கல் மரமாக நடிப்பது

கோயில்களின் பக்கம் போனால் பொருள் பற்றிய இன்னொரு சிந்தனை தெரியும். தமிழ்நாட்டின் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் 7 ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இக்கோயிலை விசித்திரசித்தன் (அவனது பட்டப்பெயர்) ஆக்கினான் என்று வடமொழியில் வெட்டுவித்தான். பெருமைப்பட்டுச் சொல்லும் அந்தப் பட்டியலே, அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. கல்லுக்கு மாறிய பிறகும் சிற்பிகள் பழைய வடிவத்தை விடவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஓலைக் குடிலைப் பாறையில் செதுக்கியது. கற்கோயில்களின் கபோதம் என்ற வளைந்த தாழ்வாரம் ஓலைத் தாழ்வாரத்தின் நினைவு. செம்பர் இதைத்தான் பொருள்மாற்றம் என்றார்: பொருள் மாறினாலும் பழைய பொருளின் வடிவம் தங்கிவிடுகிறது.

வன்னியின் மேற்குக் கரையில் அரிப்பு என்னும் ஊரில் இதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் நிற்கிறது, அல்லது எஞ்சிய துண்டுகள் நிற்கின்றன. முத்துக்குளிப்பைப் பார்வையிடப் பிரித்தானியத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அது, கிரேக்க டோரிக் பாணியில். டோரிக் பாணியின் உறுப்புகள் மர உத்தரங்களின் முனைகளிலிருந்து வந்தவை என்று விற்றூவியஸ் விளக்கியிருக்கிறார். ஆக, கிரேக்கர் மரத்தைக் கல்லில் நடித்தார்கள். அரிப்பு மாளிகையில் கல்லைச் செங்கல்லிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் நடித்தார்கள். பூச்சு விழுந்த தூண்களில் இன்று செங்கல் வரிசை தெரிகிறது, கடல் கரையை அரித்துக் கட்டடத்தையும் கொண்டுபோகிறது. நல்ல சுண்ணாம்பு வேலைதான். அதைக் கரைவிளிம்பில் நிறுத்தியதுதான் பிழை.

சுண்ணாம்பு பற்றி இன்று பேசுபவர் குறைவு என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். முருகைக்கல்லையோ சுண்ணக்கல்லையோ 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால், 100 கிலோ தூய கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்காக வைத்தே பயன்படுத்த வேண்டும். சரியாக நீறாத துணுக்கு ஒன்று சாந்துக்குள் போனால், பூசி மாதங்கள் கழித்து ஈரம்பட்டு வீங்கிப் பூச்சைத் துளைத்துத் தள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற சாந்து, காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. மன்னார்க் கோட்டைச் சுவர்களைப் பிடித்து நிற்பது இதுதான். இந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. கட்டடம் சற்று அசைந்தால் வெடிப்பு கல்லை விட்டு இணைப்புக்குள் போகும், ஈரத்தையும் சுவர் வெளியே விடும்.

சீமெந்து வந்த வழி

1824 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் யோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். சுண்ணக்கல்லையும் களியையும் ஒன்றாக அரைத்துச் சுடுவது அடிப்படை. இன்றைய சூளைகளில் வெப்பம் 1450 பாகை அளவில். இலங்கையின் முதல் சீமெந்து ஆலை 1950 இல் காங்கேசன்துறையில் இயங்கத் தொடங்கியது. சுண்ணக்கல் அங்கேயே தோண்டப்பட்டது. களிக்கு முருங்கன் மண், புகையிரதத்தில் போனது. கோடையில் வெடித்து வீடுகளை அசைக்கும் அந்தக் கறுப்புக் களிதான் சூளைக்குள் போய் நாட்டின் சீமெந்தானது. ஒட்டுசுட்டானில் அரச ஓட்டுத் தொழிற்சாலையும் இருந்தது. இப்படி ஒரு கட்டத்தில் கல்வீட்டுக்குரிய சீமெந்து, ஓடு, மணல், சல்லி, மரம் எல்லாமே வடக்குக்குள்ளிருந்தே கிடைத்தன.

1990 இல் போரால் ஆலை நின்றது. அதன்பின் வன்னிக்குச் சீமெந்து போவதும் தடைசெய்யப்பட்டது. மேசன்மார் பலர் சீமெந்து அரிதாகவே கிடைத்த காலத்தில் தொழில் பழகினார்கள். மண்சுவரும் ஓலையும் திரும்பி வந்தன, ஆனால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கட்டும் வீட்டுக்குப் படை காயும்வரை பொறுக்க நேரம் இருக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தபின் தறப்பாள், தகரம், அரைச்சுவர்த் தற்காலிக வீடுகள். 2010 இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5½ இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீடு சுமார் 550 சதுர அடி. சொந்தக்காரரே கட்டுவிப்பது நல்ல முறை. ஆனால் முடிந்த கட்டத்தைப் பார்த்தே அடுத்த தவணை வரும் என்றால் சுவர் விரைவாக எழும்பும், தண்ணீர் விட்டு ஆற்ற நேரம் இராது. எல்லா ஊரிலும் ஒரே காலத்தில் கட்டியதால் மணலும் கல்லும் மேசனும் ஒருங்கே தட்டுப்பட்டன, விலை ஏறியது, தெருவுக்குத் தெரு கல்லரியும் களங்கள் முளைத்தன.

அந்தக் களங்களின் கல்லைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஒன்றேகால் கன அடி. 1:8 கலவை என்றால் மணலும் சல்லித்தூளுமாகப் பத்துக் கன அடி. அமுக்கியபின் எட்டுக் கன அடியைச் சற்றுத் தாண்டும். நாலங்குலக் கல் ஒன்று, 390 × 190 × 100 மில்லிமீற்றர், கால் கன அடியை விடச் சிறிது கூட. ஒரு பைக்கு 30, 31 கல் வரும். ஒருவர் பைக்கு 50 கல் அரிகிறார் என்றால் அவர் கலவை 1:13 ஐயும் தாண்டிவிட்டது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் மணியோசை வராமல் மண்ணோசை வரும். விளிம்பை ஆணியால் கீறினால் மணல் கொட்டும்.

சீமெந்து காய்ந்து இறுகுவதல்ல, தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. பலர் இதை மாற்றி நினைப்பதால்தான் அரிந்த கல்லை ஆடி வெயிலில் 'காயப் போடுகிறார்கள்'. முதல் ஒரு வாரம் ஈரம் விட்டுப்போகாமல் சாக்கு மூடி நனைத்து, நிழலில் இரண்டு வாரம் வைத்த கல்லுக்கும், மூன்றாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிய கல்லுக்கும் பலத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். கட்டும் காலம் கோடை, கிணறு வற்றும் காலமும் கோடை. பூநகரி போன்ற கரையோரங்களில் கிணற்று நீர் உவர். உவர்நீரில் குழைத்தால் சாந்துச் சுவரில் உப்புப் பூக்கும். கம்பி போட்ட கொங்கிறீற்றில் நிலைமை இன்னும் மோசம்: உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், வெளியே நிற்கும் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். யன்னல் மேல் லிண்டலில் கம்பி ஓடும் நேர்கோட்டில் வெடிப்புத் தெரிந்தால் காரணம் இதுதான். கரையோரத்தில் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். பல வீடுகளில் 15 கூட இல்லை.

மணலிலும் ஒரு மறைவான கழிவு உண்டு. ஈரமணல் பருத்து நிற்கும், ஐந்து சதவீத ஈரத்தில் கனவளவு கால் பங்கு வரை கூடும். 100 கன அடி என்று ஒரு கியூப் ஈரமணல் வாங்கினால் உண்மையில் கிடைப்பது 80 அளவில். பெட்டியால் அளந்து கலக்கும்போதும் அதே கழிவு. மணல் குறைந்து சீமெந்து கூடிய சாந்து பூச்சுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம், அது அதிகம் சுருங்கி வலைபோல வெடிக்கும்.

தாழ்வாரம் சுருங்கியது

இந்தப் பிழைகளை விடப் பெரிய ஒன்று நடந்தது. அதைப் பிழை என்றே யாரும் கருதவில்லை. சீமெந்துச் சுவருக்கு மழையால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் தாழ்வாரம் ஒன்றரை அடியாக, சில வீடுகளில் ஓரடியாகக் குறைந்தது. குந்து போனது. நிலமட்டம் முற்றத்துக்கு ஓரடிக்குள் இறங்கியது. வாடைக் காற்றோடு சாய்ந்து வரும் மழை வடகிழக்குச் சுவரை நேரே அடிக்கிறது. மெல்லிய நாலங்குலக் கல் ஊறுகிறது. உள்ளே வந்த தண்ணீருக்குச் சீமெந்துப் பூச்சு வழிவிடாது. அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை, அதாவது 1:2 சாந்தில் முக்கால் அங்குலம் போட்டு அதன்மேல் இரண்டு முறை சூடான தார் பூசி மணல் தூவுவது, தவிர்க்கப்பட்டிருந்தால் கீழிருந்தும் ஈரம் ஏறும். இரண்டும் சந்திக்கும் முழங்கால் உயரத்தில்தான் பூச்சு உப்பி உதிர்கிறது. அதன்மேல் மீண்டும் சீமெந்து பூசுவது ஈரத்தை இன்னும் மேலே ஏற்றிவிடுகிறது.

பழைய மண்வீட்டைக் 'கல்வீடாக்க' மண்சுவரின் மேல் சீமெந்து பூசுவது இந்த நம்பிக்கையின் உச்சம். மண் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும், சீமெந்து விறைத்து நிற்கும். ஒரு மாரி, ஒரு கோடை கழிய இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்கிச் சுவரடி குழைவதும், கறையான் ஏறுவதும் வெளியே தெரியாது. மெழுகிய சுவரில் கறையான் தடம் கண்ணுக்குத் தெரியும், காலையில் தட்டிவிடலாம். பூசிய சுவரில் வளை தாழ்ந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். மண்சுவருக்குப் பூச்சு வேண்டுமென்றால் சுண்ணாம்பும் மண்ணும் மணலும் கலந்த பூச்சு, அதன்மேல் மூன்று முறை மெல்லிய வெள்ளை. சீமெந்து வேண்டாம்.

கூரையில் நடந்த மாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக: ஓலையிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து தகரம் போன்ற சீற்றுக்கும். ஓடு கனமானது, சட்டம் நல்லதாக இருக்க வேண்டும். சீற்றுக்கு மெல்லிய சட்டம் போதும், அதனால் காற்றுக்குக் கட்டுப்பிடிமானம் வேண்டும். தகரம் சித்திரை நடுப்பகலில் என்ன செய்யும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. ஓரடி மண்சுவர் வெளி வெப்பத்தை உள்ளே விட எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், தகரம் நிமிடங்களில் விட்டுவிடும்.

2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள், ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபாவில், என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வெப்பமும் துருவும் மட்டும் காரணமல்ல. பொருத்து வீட்டின் ஒரு பலகை கெட்டால் ஊர் மேசனிடம் மாற்றுப் பலகை இல்லை. ஓர் அறை கூட்ட வேண்டுமென்றால் எதோடு எதை இணைப்பது? கட்டும் காசில் ஊருக்குள் கூலியாகவும் கல்லாகவும் நிற்கும் பங்கும் மிகக் குறைவு.

மண்ணுக்கே திரும்பினால்

2022 இல் சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியபோது அமுக்கிய மண்கல் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. கைநெம்பு அச்சில், ஐந்து முதல் எட்டு சதவீதம் சீமெந்து சேர்த்து, மண்ணை அமுக்கி எடுக்கும் கல் இது. சூளை தேவையில்லை, விறகும் இல்லை. ஆறு சதவீதம் என்றால் ஒரு பைக்கு 830 கிலோ மண். 290 × 140 × 90 மில்லிமீற்றர் கல் ஏறத்தாழ ஏழு கிலோ, ஆகவே 120 கல்லுக்கு மேல் வரும். சுவராகக் கணக்கிட்டால் ஒரு பையில் சுமார் 40 சதுர அடி. நாலங்குலச் சீமெந்துக்கல்லில் அதே பை 27 சதுர அடிதான் தரும், அதுவும் மெல்லிய சுவர்.

செய்முறையில் தவறுவது வழக்கமாக நான்கு இடங்களில். மேல்மண்ணை எடுப்பது முதல் தவறு. வேரும் இலைச்சருகும் உள்ள ஓரடி, இரண்டடியை ஒதுக்கி, கீழ்மண்ணை எடுத்து அரித்துப் பயன்படுத்த வேண்டும். ஈரத்தை மதிப்பிடுவது அடுத்தது. ஒரு கைப்பிடி கலவையை இறுக்கி, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். ஒரே கட்டியாக நின்றால் ஈரம் கூட, தூளானால் குறைவு. சீமெந்து கலந்த மண்ணை அரைமணி நேரத்துக்குள் அமுக்கி முடிக்காவிட்டால் இறுகத் தொடங்கிய பிணைப்பை அச்சு உடைத்துவிடும். கடைசியாக, ஆற்றுதல்: முதல் இரண்டு நாள் பொலித்தீன் மூடி, பிறகு நாலு வாரம் தண்ணீர் தெளித்து. இது மண்கல்தானே என்று வெயிலில் விட்டால் சீமெந்துக் காசு வீண்.

செங்கபில மண்ணுக்கும் மணல்சேர் செம்மண்ணுக்கும் இந்த முறை பொருந்தும். முருங்கன் கறுப்புக் களிக்குப் பொருந்தாது. அந்தக் களி சீமெந்தைச் சுற்றிக் கட்டியாகத் திரளும், கல் காய்ந்தபின் நனைந்தால் வீங்கும். அங்கே சீமெந்துக்குப் பதில் நீற்றிய சுண்ணாம்பு ஆறு முதல் எட்டு சதவீதம் கலந்து, ஓரிரு நாள் மூடிவைத்து அமுக்குவது சரி. அதே மண்ணில் எந்தக் கல்லால் வீடு கட்டினாலும் அத்திவாரக் கிடங்கைக் கோடை வெடிப்பின் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோய், அடியில் மணலோ கிரவலோ போட்டு இறுக்கி, வீட்டைச் சுற்றி நிலமட்டத்தில் கம்பி போட்ட பீம் ஒன்று தொடர்ச்சியாக ஓட்ட வேண்டும். சுவருக்கு அண்மையில் மரம் நடக்கூடாது, அது வளரும் உயரமளவு தள்ளியே நட வேண்டும், தாழ்வாரத் தண்ணீரைச் சுவரிலிருந்து நாலடிக்கு அப்பால் வாய்க்கால் வைத்து விட வேண்டும்.